நாங்க சைவம்

இன்னும் இரண்டு பேர் வந்தால்தான் மருந்துக் குப்பியைத் திறப்பார்களாம். திறந்துவிட்டால் வைத்திருக்க முடியாதாம், பத்துப் பேருக்கும் கையோடு போட்டு முடித்துவிட வேண்டுமாம், மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதானாம். நர்ஸ் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த இரண்டு பேரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். வந்து தொலைத்தால் தேவலை என்றும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். எந்த வேண்டுதலை எந்தச் சாமி எடுத்துக்கொள்ளுமோ தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் மாமா, என் மாமனார், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கென்ன, ஊசி எனக்குத்தானே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் காலெடுத்து வைக்க வேண்டுமென்றால் இதைப் போட்டுக்கொண்டதற்கான அட்டையைக் காட்ட வேண்டும். அங்கே கம்பாலாவில் ஒரு மாவு மில்லில் கணக்குப் பார்க்கிறார் என் வீட்டுக்காரர் சைலப்பன். வீடு பிடித்துவிட்டார், அடுப்பு வாங்கிவிட்டார், அடுப்பைப் படம் எடுத்து அனுப்பியும் விட்டார். நான் போக வேண்டியதுதான் பாக்கி. நேற்று ராத்திரி இந்த ஊசியைப் பற்றி செல்போனில் படிக்காமல் தூங்கியிருந்தால் இப்போது நானும் மாமா மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். படித்துவிட்டேன். இந்த மருந்தை முட்டையில் வைத்து வளர்க்கிறார்கள். எனக்கு முட்டை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று இல்லை. உதடு தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு உள்ளே போகாது. இந்த அறையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கிடைத்தது. டாக்டர் வந்தார், வயசு குறைச்சல்தான், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கண்ணில் தூக்கம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். காய்ச்சல் இருக்கா, கர்ப்பமா இருக்கீங்களா, வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். "முட்டை சாப்பிட்டா ஏதாவது செய்யுமா?" என்றார். நான் எச்சிலை விழுங்கினேன். அந்த ஒரு விழுங்கலுக்குள் மாமா முந்திக்கொண்டார். "நாங்க சைவம்ங்க." அவ்வளவுதான். டாக்டர் சிரித்துவிட்டு, "அப்ப பிரச்சினையே இல்ல" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. சைவம் என்றால் பேச்சு முடிந்தது, அதற்குமேல் யாரும் துருவமாட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் முடிந்தது, பெண் பார்க்கப் போனாலும் முடிந்தது, இப்போது ஊசி போடப் போனாலும் முடிந்தது. சாப்பிடாத ஒன்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று டாக்டரும் நினைத்திருப்பார். நியாயம்தான். மாமா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, "காந்தி, தண்ணி குடிக்கியா? முகமெல்லாம் வாடிப்போயிருக்கு" என்றார். வேண்டாம் மாமா என்றேன். குடித்திருக்கலாம். தொண்டை காய்ந்திருக்கிறது. காய்ந்துதான் இருக்கிறதா, அடைக்கிறதா? இன்னும் ஊசியே போடவில்லையே, அதற்குள் எப்படி அடைக்கும். விழுங்கிப் பார்க்கிறேன். போகிறது. மறுபடியும் விழுங்கிப் பார்க்கிறேன். இப்போது எச்சில் இல்லை.

முதல் தடவை எட்டோ ஒன்பதோ வயசு. பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெஸிந்தா அக்கா கிறிஸ்துமஸுக்குத் தட்டு அனுப்பினாள். முறுக்கு, அச்சு முறுக்கு, ஓரத்தில் கறுப்பாக ஒரு துண்டு கேக். அம்மா கேக்கை எடுத்து வேலைக்காரப் பெண்ணுக்கென்று தனியே வைத்தாள், நான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல ருசி. பிறகு காது அரித்தது, காதுக்கு உள்ளே, விரல் எட்டாத இடத்தில். பிறகு உதடு என்னுடைய உதடாக இல்லை. அம்மா அலறிக்கொண்டு தூக்கிப்போனாள். கேக்கில் போட்ட காய்ந்த பழம் கெட்டுப்போயிருக்கும் என்று வீட்டில் முடிவாயிற்று. முட்டை என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. மறைத்தார்கள் என்று இல்லை, அந்தச் சொல் எங்கள் வீட்டில் வர வழியே இல்லை. இரண்டாவது தடவை சென்னையில் வேலை பார்த்தபோது. யாரோ பிறந்தநாளுக்கு சாண்ட்விச் வாங்கினார்கள், உள்ளே வெறும் வெள்ளரிக்காயும் தக்காளியும்தான். மேலே தடவியிருந்த வெள்ளைப் பசையை வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். அது மயோனைஸ். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒரு டாக்டரம்மா, முட்டையாத்தான் இருக்கும், ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க என்றாள். எடுக்கவில்லை. காகிதத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் அதை எந்த அலமாரியில் வைப்பது? எந்தப் பேக்கரிப் பண்டத்தையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஃபேன் சுற்றுகிறது. கையில் மயிர்க்கால் எழும்பி நிற்கிறது, தடிப்பு இல்லை, குளிர்தான். தடிப்பு இப்படி இருக்காது. தடிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது தடவைதான் இப்போது வாயைக் கட்டுகிறது. என் கல்யாண வரவேற்பு. எங்கள் வீடுகளில் கேக் வெட்டுவதெல்லாம் சமீபத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். மாமாவுக்கு அதில் ஒரே ஆசை. பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலே பச்சைப் பொட்டு இருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்க்கிற மனுஷர், ஹோட்டலுக்குப் போனால் இட்லிக்குத் தனிக் கரண்டியா என்று சப்ளையரைப் பாடாய்ப் படுத்துகிற மனுஷர், கேக்கை மட்டும் சும்மா வாங்குவாரா? கடையில் நின்று, முதலாளியை வரவழைத்து, முட்டை கிடையாதே கிடையாதே என்று கேட்டுக் கேட்டு வாங்கிவந்தார். மண்டபத்தில் ஒவ்வொரு வரிசையாகப் போய், "தாராளமா சாப்பிடுங்க, முட்டை போடாதது, நானே நின்னு சொல்லி வாங்குனதாக்கும்" என்றார். அவருடைய அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்போம், தீட்சை வாங்கியவர், பூசை முடிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடாதவர், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாமா விடவில்லை. ஒரு துண்டைப் பிட்டு அண்ணன் வாயில் அவரே ஊட்டிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு சைலப்பன் ஊட்டினார். புதுப்பெண், மேடையில் நிற்கிறேன், மாமனார் பார்த்துப் பார்த்து வாங்கின கேக்கைத் துப்பவா முடியும்? விழுங்கினேன். காது அரித்தது. காதுக்கு உள்ளே அரித்தபோதே தெரிந்துவிட்டது. மணப்பெண் அறையில் நான் விழுந்து கிடந்தபோது வந்து தூக்கியது மாமாதான். செருப்புகூடப் போடாமல் ஓடி காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஒருவர் சென்ட் வாசனை என்றார், ஒருவர் மாலையில் தெளித்த மருந்து என்றார், அத்தை, என் மாமியார், யார் கண்ணோ பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். மாமா என் கட்டில் ஓரத்தில் நின்று அழுதார். அவர் கால் பெருவிரலில் ரத்தம். அதைப் பார்த்துக்கொண்டு, மாமா கேக்கில் முட்டை என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் அது என் மூச்சோடு நிற்கிற விஷயமா? அன்றைக்குச் சாப்பிட்ட அத்தனை பேர் வயிற்றுக்குள்ளும் போய்விடும். பெரிய மாமாவின் வயிற்றுக்குள்ளும்.

அதனால்தான் சென்ட் என்றே வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் சென்ட் பூசுவதில்லை, எனக்காக. ஊதுபத்திகூட ஏற்றுவதில்லை. ஐயோ, எவ்வளவு பிரியமான முட்டாள்தனம். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேனே, என்னை என்ன சொல்ல. ஒருவேளை முட்டையாக இல்லாமலும் இருக்கலாம். ஊசிக்குள் முட்டை இருந்தாலும் துளியூண்டு இருக்குமாம், எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லாமல் போட்டுக்கொள்ளக்கூடாது என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்ததே. கடுமை என்றால் எவ்வளவு கடுமை? மண்டபத்தில் விழுந்தது கடுமையா? செத்துப்போவதுதான் கடுமை என்றால் எனக்கு இன்னும் வரவில்லை. கொரோனா ஊசி போட்டுக்கொண்டேனே, கை வலித்ததோடு சரி, அது முட்டை இல்லாத மருந்தாம். அன்றைக்கும் மாமாதான் அழைத்துப்போனார். இந்த ஊசி போடாவிட்டால் பயணம் தள்ளிப்போகும். ஏற்கனவே ஒருமுறை விசாவால் தள்ளிப்போனது. கல்யாணம் முடிந்து நானும் சைலப்பனும் சேர்ந்தாற்போல் இருந்த நாட்களைக் கூட்டிப்பார்த்தால் ஒரு கோடை விடுமுறை தேறாது. அவளுக்குப் போக மனசில்லை என்று அத்தை அடுப்படியில் யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. மனசில்லையா? அந்த அடுப்புப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று அத்தைக்குத் தெரியுமா? அடுப்புக்குப் பின்னால் சன்னலில் அவர் சட்டை தொங்குகிறது. கிளிப் மாட்டத் தெரியாமல் தொங்கவிட்டிருக்கிறார். எனக்குப் போக வேண்டும். உயிரோடு போக வேண்டும்.

எதிரே கிருதா வைத்த ஒருவர் எழுந்து எழுந்து உட்காருகிறார். கப்பலில் வேலையாம். "நாளைக்கு கொச்சின்ல கப்பல் ஏறணுங்க, இன்னைக்கு ஊசி போடலன்னா ஆளை மாத்திருவாங்க" என்று மாமாவிடம் சொல்கிறார். மாமா அவருக்கு ஆறுதல் சொல்கிறார். இப்போது நான் எழுந்து எனக்கு வேண்டாம் என்றால் எட்டு ஏழாகிவிடும். குப்பி திறக்காது. இந்த மனுஷர் கப்பலைத் தவறவிட்டால் அந்தப் பாவம் என் தலையில். நல்லது, காரணம் கிடைத்துவிட்டது, பேசாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? என் புத்தியே இப்படித்தான், பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புண்ணியத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். சரி, இப்படிச் செய்யலாம். ஆள் சேரட்டும். குப்பியைத் திறக்கட்டும். திறந்துவிட்டால் மற்றவர்களுக்கு நஷ்டமில்லை. நான் கடைசியாகப் போகிறேன். மாமா எப்படியும் டீ குடிக்க வெளியே போவார். அப்போது டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் மாதிரி இருக்கிறது, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள் என்று மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இவ்வளவு சுலபமாக ஒரு வழி இருக்க, இவ்வளவு நேரம் எதற்கு வியர்த்தேன்? கதவு திறக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர், கையில் பாஸ்போர்ட். கப்பல்காரர், "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அவர்களை வரவேற்கிறார்.

உள்ளே குப்பி உடைகிற சத்தமா, மூடி கழற்றுகிற சத்தமா, சின்னதாக ஒரு 'டக்'. நர்ஸ் எட்டிப் பார்த்து, "முதல்ல யார் வர்றீங்க?" என்றாள். எல்லாரும் கப்பல்காரரைப் பார்த்தார்கள். அவர், "லேடீஸ் போகட்டும்ங்க" என்று கையை நீட்டி வழிவிட்டார். மாமா எழுந்துவிட்டார். "எங்க பிள்ளைக்குப் போட்ருங்கம்மா, பஸ்ஸுக்குப் போணும்." அவருடைய டீயும் போயிற்று, என்னுடைய திட்டமும் போயிற்று. கால்கள் என்னைக் கேட்காமல் நடக்கின்றன. சுழல் நாற்காலி. ரவிக்கைக் கையை நானே ஏற்றுகிறேன், நானேதான் ஏற்றுகிறேன், இது என்ன கூத்து. ஸ்பிரிட் பஞ்சு குளிர்கிறது. சிஸ்டர் என்கிறேன், காற்றுதான் வருகிறது. "ஊசின்னா அவ்ளோ பயமா?" என்று சிரிக்கிறாள். மாமா பின்னால் வந்து நின்று என் தலையில் கை வைத்தார். "நான் நிக்கேன்லா, என்னத்துக்குப் பயப்படுதே?" என்றார். அந்தக் கை. இந்தக் கைதான் அன்றைக்கு என்னைத் தூக்கியது. இப்போதும் நான் விழுந்தால் இவர்தான் தூக்குவார், செருப்பில்லாமல் ஓடுவார். இந்தத் தடவை ஆஸ்பத்திரி மருந்து பலிக்காமல் போனால்? கூட்டிவந்ததும் அவர், டாக்டருக்குப் பதில் சொன்னதும் அவர், முதலில் போடுங்கள் என்றதும் அவர். பிறகு யாராவது, எப்போதாவது, முட்டைதான் காரணம் என்று அவரிடம் சொல்லிவிடுவார்கள். கேக்கையாவது தாங்குவார். இதைத் தாங்கமாட்டார். ஊசி முனை வெளிச்சத்தில் தெரிந்தது.

"முட்டை எனக்கு ஆகாது."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே பேச்சு நின்றது. நர்ஸ் கையைப் பின்னுக்கு இழுத்தாள். மாமா லேசாகச் சிரித்தார். "முட்டையா? ஒனக்கு எப்படிம்மா அது தெரியும்? நாமதான்..." டாக்டர் எழுந்து வந்தார். தூக்கமெல்லாம் போய்விட்டது.

"சாப்பிட்டிருக்கீங்களா?"

"தெரியாமச் சாப்பிட்டிருக்கேன். மூணு தடவை."

"என்ன ஆச்சு?"

சொன்னேன். உதடு, காது, தொண்டை, மயக்கம். சொல்லச் சொல்ல நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"கடைசியா எப்ப?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. இத்தனை நேரம் எதையெல்லாமோ யோசித்தேனே, இதை யோசிக்கவில்லை. தலையில் இருந்த கை அசையாமல் இருந்தது.

"கல்யாண வரவேற்புல."

"என்ன சாப்பிட்டீங்க?"

"கேக்கு."

கை மெல்ல எடுபட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். இங்கே போடக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் அலர்ஜி டாக்டர் பார்க்க வேண்டும், சோதனை செய்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள், போட முடியாது என்றால் விலக்குக் கடிதம் தருவார்கள், அந்த நாடு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா ஊசிக்கும் பயப்பட வேண்டாம், இனிமேல் எந்த ஊசியானாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். "நல்லவேளை சொன்னீங்க. நான் உங்ககிட்டயே கேட்டிருக்கணும்" என்றார். எழுந்தேன். கப்பல்காரர் வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார், என்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு.

வெளி வராந்தாவில் பெஞ்சு. மாமா உட்கார்ந்தார், நான் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. உதடு ஏதோ முணுமுணுக்கிறது. மனசுக்குள் அந்த மண்டபத்தில் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார் போல, யார் யார் சாப்பிட்டார்கள், யார் யாருக்குக் கொடுத்தார். ஒருவேளை முட்டையாக இருக்காது மாமா, டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய், எனக்குத் தெரியும்.

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா."

"கட்டில்ல கெடந்தியே, அப்பமே தெரியும்."

"தெரியும்."

"அண்ணன் வேண்டாம் வேண்டாம்னு சொன்னாரு. நான்லா ஊட்டிவிட்டேன்." குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது, காய்ச்சல் என்றே சொல்லியிருக்கலாம், இந்த வயசில் இந்த மனுஷரை இப்படிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தை என்ன சொல்வாள், பெரிய மாமா இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பாரா, சைலப்பன் அந்த அடுப்பை என்ன செய்வார். மாமாவின் பைக்குள் போன் அடித்தது. சைலப்பன்தான். ஊசி போட்டாயிற்றா என்று கேட்கக் கூப்பிடுகிறார். நான் கையை நீட்டினேன், நானே ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன் என்று. மாமா கொடுக்கவில்லை. வெளிநாட்டுப் போன் என்றால் அவருக்குச் சத்தமாகத்தான் பேச வரும். உள்ளே கப்பல்காரருக்கும், நர்ஸுக்கும், அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"போடலடே. போடக்கூடாதாம். அவளுக்கு முட்டை ஆகாது... எப்படித் தெரியும்னா? ஒங்க வரவேற்புக்கு நான் வாங்கிட்டு வந்த கேக்குல முட்டை இருந்துருக்கு. அதான் அன்னைக்கி அவளுக்கு அப்படி ஆயிட்டு. சென்ட்டும் இல்ல, கண்ணும் இல்ல... ஆமா, எல்லாரும்தான் சாப்பிட்டோம். நீ அவளை ஒண்ணும் கேக்காதே. பெரியப்பாட்ட நானே போயி சொல்லிக்கிடுதேன்."